ஸ்பீக்கர் ஒயரையும் எடை போட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பீக்கரை எங்கே வைப்பது, சுவரை விட்டு எவ்வளவு தள்ளி வைப்பது என்பதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஒயர் பற்றிய பத்தியில் மட்டும் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை கேபிளுக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தது, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு லட்சம் போட்டு செட் வாங்குகிறவர் அதை நம்பிப் பத்தாயிரத்தை ஒயருக்குக் கொடுத்துவிடுவார். எந்த அளவு ஒயர், எந்த உலோகம், எத்தனை மீட்டர் என்று அந்தப் பத்தியில் ஒரு எண் கூட இல்லை.

நான் கடலூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 22 வருடமாகச் செம்புக் கம்பிதான் பிழைப்பு. வீட்டில் இருக்கும் பாட்டு செட் அசெம்பிள் செய்தது, 5200, 1943 என்ற நம்பர் டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபையர், இரண்டு பெரிய ஸ்பீக்கர். ராத்திரி பட்டறையைச் சாத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் நாதஸ்வரமோ பழைய பாட்டோ கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு மாற்றியபோது பழைய ஒயர் நீளம் போதவில்லை. டவுனில் ஒரு கடையில் "ஸ்பெஷல் ஸ்பீக்கர் கேபிள், சுத்தமான காப்பர்" என்று சொல்லி, கண்ணாடி மாதிரி தெரியும் தோல் போட்ட தடித்த ஒயரைக் கொடுத்தார்கள். உள்ளே செக்கச்செவேலென்று கம்பி தெரிந்தது. மீட்டர் 140 ரூபாய், 12 மீட்டர் வாங்கினேன். மாட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. நம் ஊர் உப்புக் காற்றில் ஏழெட்டு மாதம் போனதும் வலது பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடியது. கழற்றிப் பார்த்தால் முனையில் வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்தது. செம்பு என்றால் பச்சையாகக் களிம்பு ஏறும், வெள்ளையாகப் பூக்காது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன், மேலே இருந்த சிவப்பு போய் உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினியம் தெரிந்தது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பை மெல்லிசாக ஏற்றி விற்கிற சரக்கு அது. இரண்டு தடவை வளைத்தாலே இழை முறிகிறது. அப்படி முறிந்த ஒரு இழை ஆம்ப் பின்னாலிருக்கும் சிவப்பு, கறுப்பு டெர்மினல் இரண்டுக்கும் நடுவில் விழுந்து ஷார்ட்டாகி, ஆம்ப்பில் ஒரு பக்க ஸ்பீக்கருக்கான சேனலே போய்விட்டது. டிரான்சிஸ்டர் ஜோடியையும் அதோடு போன மற்ற பாகங்களையும் மாற்ற 1,900 ரூபாய் ஆனது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "இப்ப எல்லாமே இப்படித்தான் சார் வருது" என்றார்.

எனக்குப் பணம் போனதை விட அந்தப் பதில்தான் வலித்தது. பட்டறையில் நாங்கள் செம்பை எடை போட்டுத்தான் வாங்குவோம், ஒரு கிலோவில் இருபது கிராம் குறைந்தாலும் கேட்போம். பாட்டுக் கேட்க ஒயர் வாங்கும்போது மட்டும் ஏன் தோலின் பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், ஸ்பீக்கர் ஒயரை நீங்களே செய்துகொள்ளுங்கள். கடினமே இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

முதலில் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்ப்போம். ஆம்ப்பிலிருந்து கரண்ட் ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்பி வருகிறது, அதனால் 7 மீட்டர் தூரம் என்றால் கம்பி 14 மீட்டர். கரண்ட் போகும்போது அந்த 14 மீட்டரும் ஒரு தடை. தடையை ஓமில் அளப்போம். ஒயரின் தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலை இல்லை என்பது இந்தத் துறையில் ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். வீட்டு வயரிங்குக்குப் போடும் இரண்டரை ஸ்கொயர், அதாவது வெட்டுமுகம் இரண்டரை சதுர மில்லிமீட்டர் உள்ள செம்பு ஒயர் மீட்டருக்கு அதிகபட்சம் 0.008 ஓம், ஆக 14 மீட்டருக்கு 0.11 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கே இது தாராளம். 8 ஓம் ஸ்பீக்கர், நாலைந்து மீட்டர் தூரம் என்றால் ஒன்றரை ஸ்கொயரே போதும்.

செட்டோடு இலவசமாகத் தருகிற 14/36 (36-ஆம் நம்பர் கேஜ் இழை 14) மாதிரி மெல்லிய ஒயரைப் பாருங்கள். நல்ல செம்பாகவே இருந்தாலும் அதே 14 மீட்டரில் 0.6 ஓம் பக்கம் வந்துவிடும், செம்பு பூசிய அலுமினியம் என்றால் 0.9ஐத் தாண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் இது காதுக்கே தெரியும். சத்தம் குறைவதோடு நிற்காது. ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஒரு இடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், இன்னொரு இடத்தில் 20 ஓமுக்கு ஏறும். ஒயரில் தடை அதிகமானால் இறங்குகிற இடத்தில் அதிகமாகவும் ஏறுகிற இடத்தில் குறைவாகவும் சத்தத்தைத் தின்கிறது, அதனால் பாட்டின் குணமே மாறுகிறது. என் வீட்டில் நல்ல ஒயர் மாட்டிய அன்று தவிலின் தொப்பிப் பக்கத்து அடி அத்தனை கெட்டியாகக் கேட்டது, அதை இத்தனை நாளாக இழந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். வயரிங் கடையில் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஐஎஸ் 694 (வயரிங் ஒயருக்கான இந்தியத் தர எண்) ஒயர் கேளுங்கள். இரண்டரை ஸ்கொயரில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சுருளாகத்தான் தருவோம் என்றால் அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிற யாராவது மீதி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். எனக்கு மீட்டர் ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. தூரம் 7 மீட்டர் என்றால் 8 மீட்டராக வெட்டுங்கள், முறுக்கும்போது நீளம் குறையும். இரண்டு துண்டின் ஒரு முனையையும் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை டிரில்லிங் மெஷினின் சக்கில் மாட்டி, ஒயர் தொய்யாமல் இழுத்துப் பிடித்து மெதுவாகச் சுற்றவிடுங்கள். நாலு விரற்கடைக்கு ஒரு முறுக்கு விழுந்தால் போதும். இறுக்கிக்கொண்டே போனால் தோல் நசுங்கும். முறுக்கி முடித்ததும் ரிவர்சில் நாலைந்து சுற்று விட்டால் ஒயர் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளாமல் தரையில் படிந்து கிடக்கும். முறுக்குவதால் சங்கீதம் மேம்படும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கம்பியும் ஒட்டியே போவதால் வெளி இரைச்சல் ஏறுவது குறையும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்.

முனைக்கு 4 மில்லிமீட்டர் பனானா பிளக் போடலாம், இல்லாவிட்டால் வெறும் கம்பியையே மாட்டலாம். திருகி இறுக்குகிற டெர்மினலில் ஈயம் பூசிய முனையை வைக்காதீர்கள். பலர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஈயம் மெத்து, அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி ஸ்க்ரூ லூஸாகிவிடும். அதற்குப் பதில் முனையில் மாட்டும் செம்புக் குழாய் லக் போட்டு, நசுக்கி இறுக்கும் கருவியால் கிரிம்ப் செய்யுங்கள், அதற்கு மேல் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் உறை). தோலை உரிக்கும்போது ஒரு இழை கூட வெட்டுப்படக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு இழை என்ன செய்யும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மாட்டுவதற்கு முன் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஸ்பீக்கரின் சிவப்பில் பிளஸ்ஸையும் கறுப்பில் மைனஸையும் ஒரு நொடி தொடுங்கள். கோன் (ஸ்பீக்கரின் அசையும் புனல் பாகம்) முன்னால் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் பாஸ், அதாவது கனத்த கீழ் ஓசை, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கேட்பார். பத்தாயிரம் ரூபாய் கேபிள் போட்டும் பாஸ் இல்லை என்று சொன்ன ஒரு நண்பர் வீட்டில் கோளாறு இதுதான்.

இன்னும் இரண்டு விஷயத்தை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் ஐந்து ஆம்பியர் டூ பின் பிளக் போடாதீர்கள், சிலர் சுலபமாக இருக்கிறதென்று போட்டு வைக்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை அதை எடுத்துச் சுவரில் சொருகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதே மாதிரி, வயரிங் ஒயரையே பயன்படுத்துவதால் சிவப்பும் கறுப்பும் வீட்டு லைன் மாதிரியே இருக்கும். அதைக் கரண்ட் போகும் பைப்பில் சேர்த்து இழுக்காமல் தனியாகக் கேசிங் பட்டைக்குள் விட்டு, இரண்டு முனையிலும் "ஸ்பீக்கர்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி விலை உயர்ந்த கேபிள் பற்றி. ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று சொல்லி அதிக விலை வைக்கிறார்கள். 1913-ல் வகுத்த உலக அளவுகோலில் சாதாரண மின்கம்பிச் செம்பின் கடத்தும் திறன் 100 என்றால், இந்தச் செம்புக்கு 101. ஒயரை ஒரு சாண் குட்டையாக வெட்டினாலே அந்த ஒன்று கிடைத்துவிடும். 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர், 7,000 டாலருக்கு மேல் விற்ற ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து காதால் மட்டும் கேட்டுப் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். கடைசிவரை அந்தச் சோதனை நடக்கவே இல்லை. நானே என் வீட்டில் செய்து பார்த்தேன். நண்பரின் கேபிளை ஒரு வாரம் இரவல் வாங்கி, என் அக்கா மகனைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பத்துத் தடவை மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். என் இரண்டரை ஸ்கொயர் எது, அந்த விலை உயர்ந்தது எது என்று ஐந்து தடவைதான் சரியாகச் சொன்னேன், அதாவது கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டிப் போட்ட மாதிரி. அந்த மெல்லிய இலவச ஒயரை மாட்டியபோது மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தேன்.

ஆனால் நான் முக்கியமாகக் கவலைப்படுவது லட்சம் கொடுக்கிறவரைப் பற்றி இல்லை. மாதம் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து ஒரு அசெம்பிள் செட் வாங்குகிற தொழிலாளிக்கு, செம்பு என்று சொல்லி அலுமினியத்தைக் கொடுக்கிறார்களே, அதுதான் என் வேதனை. அவர் ஏமாறாமல் இருக்க வழி உண்டு. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். எடையும் பாருங்கள். இரண்டரை ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம், தோலின் எடை தனி. 90 மீட்டர் சுருளில் செம்பு மட்டுமே 2 கிலோ இருக்கும், அலுமினியம் இதில் பாதி கூட வராது, கையில் எடுத்தாலே தெரியும். இழையை எண்ணவும் செய்யலாம். என் ஒயரில் 0.3 மில்லிமீட்டர் இழை 36 இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். சாதாரண மல்டிமீட்டரை வைத்து எட்டு மீட்டர் ஒயரின் ஓமை அளக்க முயலாதீர்கள், அந்த மீட்டரின் ஒயருக்கே அதை விட அதிக ஓம் காட்டும்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் தொடர்ந்து எழுதப் போவதாகப் போட்டிருந்தது. அடுத்த பகுதியில் பத்தில் ஒரு பங்கு என்ற வரியை எடுத்துவிட்டு, எத்தனை மீட்டருக்கு எத்தனை ஸ்கொயர் என்று ஒரு சின்ன அட்டவணையும், பிளேடால் சுரண்டிப் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் போடச் சொல்லுங்கள். கடையில் நிற்கிறவர் அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
கடலூர்.