சுரீர் என்று ஒரு நொடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலாம், மகனுக்கு அவன் கேட்ட பாடப்பிரிவே கிடைத்துவிட்டது, உனக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: “முகத்து முடியை எடுக்க லேசர் செய்துகொள்கிறாயாமே, ரொம்ப வலிக்குமா?” நீ எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? காம்பஸ் இரவல் கேட்கக்கூட அரை மணி நேரம் வேறு கதை பேசுகிறவள்தானே நீ.

மகனுக்கு என் வாழ்த்துகள். அம்மாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது அந்த ஓரத்து வரிக்கு வருகிறேன்.

வலிக்கும். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டினாற்போல இருக்கும் என்று எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். சரிதான், அந்த ரப்பர் பேண்டைக் கொதிநீரிலிருந்து எடுத்துச் சுண்டுகிறார்கள் என்பதை மட்டும் நீ சேர்த்துக்கொள். சுரீர் என்று ஒரு சூடு, உடனே ஒரு குளிர்ச்சி, முடிந்தது. அடுத்தது. எதுவும் ஒரு நொடிக்கு மேல் நீடிப்பதில்லை. அடுத்தது எப்போது விழும் என்று காத்திருக்கும் நேரம்தான் நீளம்.

முகத்துக்குள்ளேயே வலி ஒரே மாதிரி இருப்பதில்லை. தாடை ஓரத்தில் பொறுத்துக்கொள்ளலாம். மோவாயில் முடி தடித்து நெருக்கமாக இருப்பதால் நன்றாகவே சுடும். மேல் உதடு இருக்கிறதே, அது தனி ரகம். நாம் அழவில்லை என்றாலும் கண்ணில் தண்ணீர் தானாகக் கட்டிக்கொள்ளும், மூக்கு நமைத்துத் தும்மல் வரும், உள்ளே முன்பற்கள் கூசும். பல் கூச்சத்துக்கு ஒரு வழி உண்டு. நனைத்த காஸ் துணியை மடித்து உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் கேட்டு வாங்கி வைத்துக்கொள். அதுவும் இல்லையென்றால் நாக்கை உள்ளிருந்து மேல் உதட்டுக்குள் உந்திப் பிடித்துக்கொள். குரங்கு மாதிரிதான் இருப்போம். கண்ணுக்குக் கவசம் போட்டிருப்பார்கள் என்பதால் அந்தக் கோலத்தை நாம் பார்க்க நேர்வதில்லை.

ஏன் இப்படிச் சுடுகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி பயம் குறைந்திருக்கும். லேசர் ஒளி கருநிறத்தைத் தேடிப் போகிறது. முடிக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் அந்த ஒளியைக் குடித்துச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் வேர் பொசுங்குகிறது. சுற்றியுள்ள தோலை விட்டுவிட்டு நிறமுள்ள இலக்கை மட்டும் ஒளியால் சுட முடியும் என்று 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு தோல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றைய இயந்திரங்கள் எல்லாம் அந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே முடி எவ்வளவு கருப்போ, எவ்வளவு தடிமனோ, அவ்வளவு வலி. முதல் முறைதான் மோசம். பிறகு ஒவ்வொரு முறையும் முடி மெலிந்துகொண்டே வருவதால் வலியும் இறங்கிக்கொண்டே வரும். எனக்கு ஐந்தாவது முறையில் மோவாயில் வலி ஏறக்குறைய விளையாட்டாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல், நம் தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. கருத்த தோல் என்றால் ஒளியைத் தோலும் கொஞ்சம் குடித்துவிடும். அதனால்தான் வெளுத்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும் 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசரை நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழமாக இறங்குவதால் நமக்கு அது பாதுகாப்பு. வலி கொஞ்சம் கூடுதல் என்று அதைச் செய்துகொண்ட பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். எந்த இயந்திரம் என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிற இடத்தில் நீ படுக்காதே. முதலில் காதுக்குக் கீழே சின்ன இடத்தில் சுட்டுப் பார்த்து, தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதும் முக்கியம்.

போவதற்கு முன் செய்ய வேண்டியதில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது ரேஸர்தான். வலிக்காக அல்ல. இருபது வருடம் இடுக்கியோடு வாழ்ந்தவள் நான். ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், கைக்கண்ணாடியில், ஒரு நாள்கூடத் தவறாமல். அலுவலகக் கூட்டங்களில் கை தானாக மோவாய்க்குப் போய், விரல் நுனி அந்த ஒற்றை முள்ளைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆழமாகச் சிந்திக்கிறவள் என்று எனக்குப் பெயர் வந்ததே அந்தக் கையால்தான். அந்த இடுக்கியைக் குறைந்தது நான்கு வாரம் தொடக்கூடாது என்றார்கள். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் சுட அங்கே எதுவும் இருக்காது. நூல் போடுவதும் வேக்சிங்கும் அதே காரணத்தால் கூடாது. மழிக்கலாம். மழிக்கத்தான் வேண்டும், முதல் நாளே. தோலுக்கு வெளியே முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது மேலேயே கருகும். நாற்றம் ஒருபுறம், வெந்த தோல் ஒருபுறம். மழித்தால் அடர்ந்து வளரும் என்ற பேச்சை நம்பாதே. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். இது தெரிந்தும், முதல் முறை கன்னத்தில் ரேஸரை வைத்தபோது குளியலறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

வெயிலில் கருத்துப்போன முகத்தோடு போகாதே. சூடும் கூடும், புண்ணும் ஆகும். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாளையும் தவிர்த்துவிடு. என் இரண்டாவது முறை சரியாக அந்த நாளில் அமைந்துவிட்டது. அதே இயந்திரம், அதே அளவு, வலி மட்டும் இரு மடங்கு.

இனி மரத்துப்போகும் களிம்பு. நீ கட்டாயம் அதைத்தான் கேட்பாய். லிடோகெய்ன் 2.5 சதவீதம், ப்ரிலோகெய்ன் 2.5 சதவீதம் கலந்த களிம்பு உண்டு. பூசி, மேலே மெல்லிய உறை போட்டு ஒரு மணி நேரம் விட்டால் மேல்தோல் மரத்துவிடும். வலி முழுதாகப் போகாது. அதன் கூர் மழுங்கும். நான் மருத்துவரைக் கேட்டு மேல் உதட்டுக்கு மட்டும் பூசிக்கொள்கிறேன். நிறையப் பூசினால் நிறைய மரக்கும் என்று கையில் அள்ளத் தோன்றும், தோழி, அது வேண்டாம். இந்த மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. லேசருக்குப் போகும் முன் வீரியமான களிம்பைக் கால்கள் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோயிருக்கிறார்கள். அதைச் சொல்லித்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-ல் எச்சரிக்கை வெளியிட்டது. மேல் உதடு அளவுக்கு, சொன்ன அளவு, சொன்ன நேரம். அதோடு நிறுத்திக்கொள்.

களிம்பை நான் ஓர் எல்லையோடு வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்றாவது முறை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அன்று வழக்கமான பெண் இல்லை, புதிதாக ஒருவர். இடது தாடையில் ஒரு சூடு விழுந்தது. மற்றவை சுரீர் என்று வந்து அணைந்துபோகும், இது அணையவில்லை. அடுத்தது விழுந்தபோதும் பழையது எரிந்துகொண்டே இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ‘அழகுக்காக நாமாக ஆசைப்பட்டு வந்து படுத்திருக்கிறோம், இதில் வலிக்கிறது என்று முனகினால் என்ன நினைப்பார்கள்’ என்ற வெட்கம். பிரசவத்தில் கத்தலாம், பல் பிடுங்கும்போது கத்தலாம். மீசை முடிக்காகக் கத்த நமக்கு உரிமை இல்லை என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மாலையில் அந்த இடத்தில் சின்னக் கொப்புளம். அது ஆறிய பிறகு ஒரு பழுப்புத் திட்டு, சுண்டுவிரல் நகம் அளவு, நான்கு மாதம் என்னோடு இருந்தது. குளிர்விக்கும் முனை சரியாகத் தோலில் படியவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் தவறு பாதி என்றால், என் வாய் மீதிப் பாதி.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. வந்த நொடியே போகிற வலி வேலை நடக்கிறது என்கிறது, விட்டுவிடலாம். தங்குகிற வலி வேறு செய்தி சொல்கிறது. உடனே “நிறுத்துங்கள்” என்று கையைத் தூக்கு. எல்லாவற்றையும் களிம்பால் மரக்கச் செய்துவிட்டால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

நான்காவது முறை படுப்பதற்கு முன்பே பேசிவிட்டேன். மூன்று விஷயம் கேட்டேன். குளிர்காற்றுக் குழாயைச் சுடும் இடத்தை ஒட்டியே பிடிக்க வேண்டும். நான் கை தூக்கினால் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் மந்திரம் போல வேலை செய்தது. என் மேல் உதட்டுக்குப் பன்னிரண்டு சூடு. ஆறு இந்தப் பக்கம், ஒரு நீள மூச்சு, ஆறு அந்தப் பக்கம். முடிவு தெரியாத வலியைத்தான் தாங்க முடிவதில்லை, “ஒன்பது... பத்து” என்று காதில் விழும்போது இன்னும் இரண்டுதானே என்று உடம்பு தளர்ந்துவிடுகிறது. மூச்சை அடக்காதே. நாம் எல்லோரும் அடக்குவோம். அடக்கினால் தோளும் தாடையும் இறுகி வலியைக் கூட்டும். சூடு விழும் நேரத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மோவாய்க்கு எண்ணிக்கை அதிகம் என்பதால் மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினேழு எட்டு வந்ததும், நீ அதைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஒரு பாடவேளை முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். முகம் அசைந்ததும் பாவம், அந்தப் பெண் பதறிக் கையை எடுத்துவிட்டார். “வலிக்கிறதா?” என்றார். என்னவென்று விளக்குவது!

முடிந்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் ஒத்திக்கொள். நேராகத் தோலில் வைக்காதே. ஒவ்வொரு முடிக்கால் அருகிலும் சின்னச் சிவப்புத் தடிப்பு எழும்பும், சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் அடங்கும். சுடுதண்ணீர், முகத்தைத் தேய்ப்பது எல்லாம் அன்றைக்கு வேண்டாம். இரண்டு வாரம் கழித்து முடி மறுபடி முளைப்பதுபோல் கரும்புள்ளிகளாக வெளியே வரும். பயந்து இடுக்கியை எடுக்காதே. அவை செத்த முடிகள், தானாக உதிரும்.

இன்னும் சில உண்மைகளையும் சொல்லிவிட வேண்டும், பிறகு என்மேல் சண்டைக்கு வருவாய். வளரும் கட்டத்தில் உள்ள முடி மட்டுமே அகப்படுவதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆறு, எட்டுத் தடவை போக வேண்டும். அதன் பிறகும் நிரந்தரம் என்று சொல்வதைவிட நன்றாகக் குறையும் என்பதே நேர்மை. ஹார்மோன் கோளாறு இருந்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். உனக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறுகிறது என்று போன வருடம் எழுதியிருந்தாயே, முதலில் அதை மருத்துவரிடம் காட்டு. கன்னத்துப் பூனைமுடியைச் சுட ஒத்துக்கொள்ளாதே. மெல்லிய முடி சிலருக்கு லேசர் பட்டுத் தடித்துவிடுவதுண்டு. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை முடியை லேசருக்குத் தெரியவே தெரியாது. உன் மோவாயில் இரண்டு வெள்ளை இருப்பதாக எழுதியிருந்தாயே, அவற்றுக்கு எலெக்ட்ராலிசிஸ்தான் வழி. 1875-ல் ஒரு கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் இமைமுடிகளை எடுக்கத் தொடங்கிய முறை அது. ஒவ்வொரு முடிக்காலிலும் ஊசி செருகி, மின்சாரத்தால் வேரை அழிப்பார்கள். இரண்டு முடிதானே, தாங்கிவிடுவாய்.

செய்துகொள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். போவதென்றால் முதல் நாள் இரவு போன் செய், காய்ந்த தோலில் புது பிளேடைப் போட்டு இழுத்து வைக்காதே.

நேற்று அலுவலகக் கூட்டத்தில் பழக்கதோஷத்தில் கை மோவாய்க்குப் போயிற்று. விரல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தடவிப் பார்த்தது, ஒன்றும் அகப்படவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு: பதினேழு எட்டு எவ்வளவு என்று பதில் கடிதத்தில் எழுது. ஓரத்தில் குறுக்காக எழுதினாலும் சரி.