சமையலறை மூடிய பிறகு: டோனி ஹால் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டோனி ஹால் அவர்களுக்கு,

வணக்கம். 2015இல் பிபிசியின் தலைமை இயக்குநராக நீங்கள் எடுத்த ஒரு முடிவுக்காக இதை எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் ஓர் ஓட்டலில் 2009 முதல் பரிமாறும் வேலை செய்கிறேன். பெரும்பாலும் மாலை முறைதான். இரவு ஒன்பது மணிக்குத் தலைமைச் சமையல்காரர் அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு பசியோடு வந்து சேருகிறவர்களிடம் ‘இனிச் சூடாக எதுவும் கிடைக்காது’ என்று சொல்ல வேண்டியவன் நான். குளிர்பெட்டியில் இறைச்சித் துண்டுகளும் பாலாடைக்கட்டியும் அடுக்கிய தட்டு இருக்கும். மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துக்கொண்டே வந்தவரின் முகத்தைப் பார்ப்பேன். இத்தனை ஆண்டுகள் ஆகியும், அந்த நேரத்தில் மேசையிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் 2015 மார்ச் 4ஆம் தேதி இரவு வடக்கு யார்க்‌ஷயரில் சைமன்ஸ்டோன் ஹால் ஓட்டலில் நடந்ததை என்னால் சினிமாச் செய்திபோலப் படித்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. பிபிசியின் கார் நிகழ்ச்சியான ‘டாப் கியர்’ படப்பிடிப்பு முடிந்து குழுவினர் நேரங்கழித்து வந்திருக்கிறார்கள். சமையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் கேட்ட சூடான சாப்பாடு இல்லை. ஆறிய தட்டுதான் இருந்தது. சமையலறையை மூடியவர் குழுவில் இருந்த தயாரிப்பாளர் அல்ல. ஆனால் எதிரில் நின்றவர் அவர். கிளார்க்சன் அடித்ததும் அவரைத்தான்.

பிபிசி அதிகாரி கென் மெக்குவாரி விசாரித்து உங்களிடம் கொடுத்த அறிக்கையைப் பலமுறை படித்திருக்கிறேன். தாக்குதல் சுமார் முப்பது விநாடிகள் நீடித்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் குறுக்கே வந்ததால் நின்றது. வசவு அதைவிட நீண்டது. சாப்பாட்டு அறைக்கும் கேட்டது, ஓட்டலின் படுக்கையறை ஒன்றுக்கும் கேட்டது. அடிபட்டவர் திருப்பி அடிக்கவில்லை. உதடு வீங்கி இரத்தம் கசிய, தானே காரை ஓட்டிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். இவ்வளவுக்கும் பிறகு, தன் வேலை போய்விட்டது என்று நம்பியவரும் அவர்தான்.

நான் நின்றுவிடும் இடம் அதுதான். அடித்தவருக்கு வேலை போகும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அடிவாங்கியவருக்குத்தான் தோன்றியது. அவர் முறைப்படி புகார்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் படப்பிடிப்புக்கு வண்டி வந்ததா, அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று ஓடுகிறவர்களுக்குப் புகார் எழுத எங்கே துணிச்சல் வரும்? புகழ்பெற்றவர் கோபப்பட்டால் ‘அவர் அப்படித்தான்’ என்பார்கள். கீழே இருப்பவர் முகம் சுளித்தால் ‘அடுத்த முறை இவர் வேண்டாம்’ என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் என் காதில் விழாத ஆண்டு கிடையாது.

கிளார்க்சனுக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடந்ததைப் பிபிசிக்குத் தெரிவித்தவரே அவர். குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த மனிதரைத் திட்டாதீர்கள் என்று தன் ரசிகர்களிடமும் சொன்னார். ஆனால் மன்னிப்புக் கேட்பது அவர் கடமை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது உங்கள் கடமை. அது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் மிக அதிகம் பேர் பார்க்கும் உண்மைசார் நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது டாப் கியர். ஆண்டுக்கு ஐந்து கோடி பவுண்ட் ஈட்டித் தருகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அவரைத் திரும்ப எடுங்கள் என்ற கோரிக்கையில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அதை இராணுவ டாங்கியில் ஏற்றி லண்டனில் உங்கள் அலுவலக வாசலுக்கே கொண்டு வந்தார்கள். நிகழ்ச்சி நின்றால் தன் பிள்ளைகள் மனமுடைந்து போவார்கள் என்று பிரதமரே பேசினார். ஒரு டாங்கி வாசலில் நிற்கும்போது, உதடு வீங்கிய ஒருவரின் பக்கம் நிற்பது சின்ன விஷயம் இல்லை ஐயா.

மார்ச் 25ஆம் தேதி நீங்கள் முடிவைச் சொன்னீர்கள்: கிளார்க்சனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு வேறு விதி என்று இருக்க முடியாது, அதைப் பதவியோ விளம்பரமோ வணிகமோ தீர்மானிக்கக் கூடாது என்றீர்கள். அடிபட்டவர் முற்றிலும் குற்றமற்றவர் என்றும் சொன்னீர்கள். அந்த ஆண்டு பிபிசியை நடத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணமாக 145 பவுண்ட் 50 பென்ஸ் கட்டியவன் நான். கட்டியதில் பெருமைப்பட்ட ஒரே நாள் அதுதான்.

நானும் டாப் கியர் ரசிகன் என்பதையும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, விடுமுறை கிடைத்தால், நான்கு பேர் ஒரே சோபாவில் நெருக்கிக்கொண்டு பார்ப்போம். மலிவான சாதாரணக் காரை ஓட்டத் திணறும் நடிகர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். 2011 டிசம்பரில் இந்தியாவில் எடுத்த சிறப்பு நிகழ்ச்சி வந்தது. கிளார்க்சன் தன் ஜாகுவார் காரின் பின்புறம் கழிப்பறை இருக்கையைப் பொருத்திக்கொண்டு எங்கள் ஊர்ச் சாலைகளில் சுற்றினார். முதலில் நானும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. இந்தியத் தூதரகம் எதிர்ப்புத் தெரிவித்து எழுதியது, அதோடு சரி. அடுத்து பர்மா நிகழ்ச்சியில் ஆசியர்களை இழிவுபடுத்தும் சொல் வந்தது. அது வேண்டுமென்றே சொல்லப்பட்டது என்று 2014 ஜூலையில் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே மே மாதம் வேறொரு காட்சிக்காகப் பிபிசி அவருக்குக் கடைசி எச்சரிக்கையும் கொடுத்திருந்தது. கடைசி இரண்டும் உங்கள் ஆட்சியில் நடந்தவை. சொல்லால் அடித்தபோது எச்சரிக்கையோடு விட்டீர்கள்; கையால் அடித்த பிறகுதான் கோடு தாண்டப்பட்டது என்றீர்கள். கோடு அதற்கு முன்பே பலமுறை தாண்டப்பட்டிருந்தது என்பது என் எண்ணம்.

இனி நான் எழுதப் போவது உங்களுக்குக் கசக்கும். 1996இல் நீங்கள் பிபிசி செய்திப் பிரிவின் தலைவர். இளவரசி டயானாவின் பேட்டியைப் பெற பிபிசி செய்தியாளர் மார்ட்டின் பஷீர் போலி வங்கிக் கணக்குத் தாள்களைக் காட்டினார் என்ற விவகாரத்தை உள்ளுக்குள் விசாரித்தவர்களில் நீங்கள் ஒருவர். பஷீர் நேர்மையானவர், மதிப்புக்குரியவர் என்று முடிவு கட்டினீர்கள். சொன்னபடி அந்தத் தாள்களை வரைந்து கொடுத்து, பிறகு மனம் உறுத்தி மேலிடத்தில் போய்ச் சொன்னவர் ஒரு வரைகலைக் கலைஞர். இனி அவருக்குப் பிபிசியில் வேலை கிடையாது என்று குறிப்பு எழுதினீர்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதம், அந்த விசாரணை படுமோசமாகப் பயனற்றது என்று முன்னாள் நீதிபதி டைசன் எழுதினார். இரண்டு நாளில் தேசிய ஓவியக் காட்சியகத்தின் தலைமைப் பதவியிலிருந்து விலகினீர்கள்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. ஒரே மனிதர், ஒரே நிறுவனம். 1996இல் திரையில் தெரிந்த முகத்தை நம்பினீர்கள், திரைக்குப் பின்னால் இருந்தவர் வேலையை இழந்தார். 2015இல் திரையில் தெரிந்த முகத்தை அனுப்பினீர்கள், பின்னால் இருந்தவரைக் காப்பாற்றினீர்கள். நடுவில் என்ன நடந்தது? ஜிம்மி சாவில் விவகாரம் நடந்தது: புகழ்பெற்ற பிபிசி தொகுப்பாளர் ஒருவர் பல ஆண்டுகள் பாலியல் கொடுமைகள் செய்தது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. உங்களுக்கு முன்பிருந்தவர் ஐம்பத்து நான்கே நாளில் நாற்காலியை விட்டுப் போனார். நட்சத்திரங்களைத் தொட முடியாது என்ற பயம் ஒரு நிறுவனத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்கள் கண்ணெதிரில் பார்த்தீர்கள். 2015 முடிவுக்குப் பின்னால் அந்தப் பாடம் இருந்தது என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல நிகழ்ச்சியை நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று இன்றும் என்னிடம் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளார்க்சனுக்குப் பின் வந்த கிறிஸ் எவன்ஸ் 2016இல் ஒரே தொடரோடு போனார் என்பார்கள். போனார்தான். அதன் பிறகும் நிகழ்ச்சி நடந்தது; 2020இல் பிபிசியின் முதன்மை அலைவரிசையான ‘பிபிசி ஒன்’னுக்கே உயர்ந்தது. அதை நிறுத்தியது வேறு ஒரு நாள். 2022 டிசம்பரில் டாப் கியர் படப்பிடிப்பின்போது டன்ஸ்ஃபோல்டு ஓடுதளத்தில் மூன்று சக்கரக் கார் கவிழ்ந்தது. ஓட்டியவர் தொகுப்பாளர்களில் ஒருவரான முன்னாள் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப். 2009இல் சென்னை அணிக்காக ஆடியவர் என்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர். தலைக்கவசம் இல்லை. முகம் சிதைந்தது. அடுத்த நவம்பரில் டாப் கியரை இப்போதைக்கு எடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். கிளார்க்சனை அனுப்பியதால் நிகழ்ச்சி சாகவில்லை. ஒரு மனித உடம்பை எவ்வளவு தூரம் ஆபத்தில் விடலாம் என்ற கணக்குத் தவறியதால் நின்றது. முகம் கிழிந்த ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ‘தொடர்ந்து எடுக்கலாம்’ என்று சொல்லாததற்கு, உங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் என் மரியாதை.

பிபிசியில் இது முடிந்த கதை அல்ல. 2025 ஜூலையில் ‘மாஸ்டர்செஃப்’ சமையல் போட்டியின் தொகுப்பாளர் கிரெக் வாலஸ் மீதான தகாத நடத்தை விசாரணையில், எண்பத்து மூன்று குற்றச்சாட்டுகளில் நாற்பத்தைந்து நிரூபணமாயின. அவற்றில் பெரும்பாலானவை பல ஆண்டுகளுக்கு முந்தையவை. அத்தனை காலமும் யாரோ ஒருவர் அவர் எதிரில் ஓர் அடி தள்ளி நின்றிருக்கிறார்.

உங்கள் அறிவிப்பு வந்த அன்று மாலை எனக்கு வேலை இருந்தது. ஊழியர் அறையில் பழைய தொலைக்காட்சி ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் பெரியவர் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். ஆங்கிலம் அவருக்கு முழுதாகப் புரியாது. திரையில் உங்கள் முகத்தையும் கிளார்க்சன் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ‘என்ன ஆயிற்று?’ என்றார். அடித்தவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ‘சரி, அடிவாங்கின பையனுக்கு வேலை இருக்கிறதா?’ என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நன்றியுடன்,
இரவு முறைப் பரிமாறுநர் ஒருவர்