கொள்ளிடத்து முதலையும் கூறைப் புடவையும்

ஹூஸ்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். அலுவலகம் விட்டு வந்து இரவு வெகுநேரம் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உங்கள் மருமகன் சொன்னதைக் கேட்டு, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி விளங்கவைக்க முடியாததால் எழுதுகிறேன்.

மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என மூன்றையும் சேர்த்துத் தைப்பதைக் குவில்ட் என்கிறார்கள். இந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் குவில்ட் திருவிழாவுக்குப் போனபோது, ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு காண்டாமிருகம் ஒன்று நின்றது. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் பூப்போட்ட, புள்ளிபோட்ட, கோடுபோட்ட துண்டுத் துணிகள். பத்தடி தள்ளி நின்றால் மடிப்பு விழுந்த தடித்த தோல். அன்றே முடிவு செய்துவிட்டேன், நான் செய்தால் நம் கொள்ளிடத்து முதலையைத்தான் செய்வேன் என்று.

பதினோரு அடி நீளத்துக்குக் காகிதத்தில் வரைந்து, அதை மெல்லிய வெள்ளைத் துணியில் பதித்து, கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். துண்டுகளை வெட்டி, துணிப்பசையால் ஓரிரு சொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் நிறத்தைவிட வெளிச்சமும் நிழலும்தான் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், எந்தத் துண்டு தவறான இடத்தில் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. முதலையின் வயிற்றோரத்தில் மாம்பழ மஞ்சளும் ரோஜா நிறமும் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

ஒட்டுத்துணி வேலையில் வழக்கமாகத் துண்டின் ஓரத்தை மடித்துத் தைப்பார்கள். இங்கே மடிப்பதில்லை. நூல் பிரியுமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகு, கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி, துணியை நகர்த்தும் பற்களை மெஷினில் இறக்கிவிட்டு, கையாலேயே துணியை நகர்த்தி நகர்த்திச் செதிலுக்குச் செதில் தைத்துவிட்டால் ஒரு பிசிறும் வெளியே வராது.

நடுவில் ஒரு தவறு நடந்துவிட்டது. இங்கே பக்கத்துப் பூங்கா ஏரியில் படுத்திருந்த, முதலையைப் போலவே இருக்கும் அலிகேட்டரைப் பார்த்துத் தாடையை வரைந்திருந்தேன். படத்தை அனுப்பியதும் அப்பா, “வாய் மூடியிருந்தாலும் நம்ம முதலைக்குக் கீழ்ப்பல் வெளியே தெரியுமேம்மா, இது எந்த ஊர் முதலை?” என்று கேட்டுவிட்டார். அணைக்கரை மணல்திட்டில் ஆயிரம் தடவை பார்த்த கண் அல்லவா! அலிகேட்டருக்கு அந்தப் பல் மேல்தாடைக்குள் மறைந்துவிடுகிறது. மூக்கும் மழுங்கலாக இருக்கிறது. ஒட்டிய தாடை முழுவதையும் பிரித்து, மூன்று இரவுகள் உட்கார்ந்து மீண்டும் செய்தேன். அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள், பல் இப்போது சரியான இடத்தில் இருக்கிறது.

முதுகுதான் பாக்கி. இங்கே விற்கும் எந்தத் துணியும் முதுகுச் செதிலுக்குப் பொருந்தவில்லை. பீரோவின் அடித்தட்டில், மடிப்பில் இற்றுப்போய் நீங்கள் கட்டாமல் வைத்திருக்கும் கூறைநாட்டுப் புடவையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த அரக்குக் கட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி அடுக்கினால், ஈரம் காயாத முதலை முதுகு அப்படியே வந்துவிடும். அது நீங்கள் மணமேடையில் கட்டிய புடவை என்பதால் போனில் கேட்க வாய் வரவில்லை. வெட்டலாம் என்றால், அடுத்த மாதம் புறப்படும் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். முந்தானையைத் தொடாமல் திருப்பித் தந்துவிடுகிறேன். மனம் ஒப்பவில்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்