மழைக்கு முன் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்: நீலகிரிச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடைபடும். கோத்தகிரிப் பாதையையும் நம்ப முடியாது. கூட்டத்துக்குக் கோவை போன ஆயர் கீழேயே மாட்டிக்கொண்ட அன்று, தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் முடிவெடுப்பது? "ஐயா வரட்டும்" என்பதுதான் பல சபைகளில் பதில்.

வேதத்தில் யாத்திராகமம் 18இல், ஜனங்களின் வழக்குகளையெல்லாம் தனியாகத் தீர்த்துவந்த மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்னதில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, ஜனங்களுக்குக் கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார். பிறகுதான் ஆள் தேர்வு. அதிலும் பொருளாசையை வெறுக்கிறவர்களாகப் பார்க்க வேண்டும். கடைசியாக எல்லை: சிறிய வழக்கை அவர்களே தீர்க்கட்டும், பெரியது மட்டும் மோசேயிடம் வரட்டும். நம் கமிட்டிகள் ஆளைப் போடுவதோடு நின்றுவிடுகின்றன. எல்லை தெரியாத பொறுப்பாளர் ஒன்று எல்லாவற்றுக்கும் போன் போடுவார், அல்லது தானாகச் செய்துவிட்டுத் திட்டு வாங்குவார்.

அடக்கப் பொறுப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெட்டி, குழி வெட்டும் கூலி, ஜீப் வாடகை ஆகியவற்றுக்கு யாரையும் கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம்? 10,000 ரூபாய் என்றால் அந்தப் பணம் முன்கூட்டியே அவர் கையில் இருக்க வேண்டும். ரசீதோடு கணக்கு 7 நாளில். ஆயர் இல்லாவிட்டால் ஆராதனை நடத்துவது எந்த மூப்பர் என்று பெயரோடு எழுதுங்கள். போலீஸ் விசாரணை உள்ள சாவு, கல்லறை இடத் தகராறு, இந்த இரண்டும் ஆயரைக் கேட்டே நடக்க வேண்டும். கல்லறைத் தோட்டச் சாவி இரண்டு. ஒன்று லைன் வீட்டுப் பக்கமே இருக்கட்டும், தார்ப்பாயும் மண்வெட்டியும் அங்கேயே.

கொடுத்தபின் கெடுப்பது பெரும்பாலும் ஆயர்களே. பொறுப்பாளரைத் தாண்டி உங்களிடம் வருகிறவரை "அவரைக் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புங்கள். ஒரு தடவை நீங்களே தீர்த்துவைத்தால், அடுத்த தடவை அவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். தவறினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நியமனத்தை ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி, ஜெபித்து அறிவியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது.

அப்போஸ்தலர் 6இல், அன்றாட விசாரிப்பில், அதாவது உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டதால் 7 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்திப் பொறுப்பு போனது என்றுதான் அதை வாசிக்கிறோம். நம்மிடமோ மழை நிவாரண அரிசிப் பட்டியலை டவுனில் வீடுள்ளவர்கள் எழுதுகிறார்கள். எந்தக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு வேலை நின்றுபோனது என்பது கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். பட்டியலை அவர்களிடம் கொடுங்கள். அதற்கான கூட்டத்தை வேலை நாள் பகலில் வைக்காதீர்கள்.

செப்டம்பர் கமிட்டியில் இதையே முதல் பொருளாக எடுங்கள். தொகையும் பெயரும் எழுதாத தீர்மானமாக இருந்தால் நிறைவேற்றவே வேண்டாம்.

இப்படிக்கு,
சபை மூப்பர்கள் சிலர், குன்னூர்