போறதுக்கு முன்னும் வந்ததுக்குப் பின்னும்

கல்லடி,
மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் நம்மட ஆட்கள் 25 பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 50 பவுண் போட்டு, இஞ்ச உள்ள பிள்ளைகளை முதுமாணிப் படிப்புக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. ஊர்ப் புதினம் என்றால், மாரி மழை பிடித்துவிட்டது. வாவிக்கு அங்கால படுவான்கரையில் விதைப்பு முடிந்து வயலெல்லாம் பச்சை கட்டி நிற்கிறது. மற்றக் கதைகளை மறுகா எழுதுகிறேன், முதலில் காசுக் கதை.

நான் சொல்ல வருவது ஒரே விசயம்தான். சேர்க்கிற காசு முழுவதையும் படிப்புக் கட்டணத்தில் கொட்டிப் போடாதீர்கள். பிள்ளை வெளிக்கிடுவதற்கு முந்தின ஆறு மாதத்துக்கும், திரும்பி வந்த பிறகு முதல் ஒரு வருடத்துக்கும் ஒரு பங்கை இப்பவே ஒதுக்கி வையுங்கள். ஊருக்குப் பலன் வருவதும் வராமல் போவதும் அந்த இரண்டு இடத்தில்தான்.

கணக்கைப் பார். 25 பேர் 50 பவுண் என்றால் வருடத்துக்கு 15,000. பதிவுசெய்த அறக்கட்டளை ஊடாகக் கொடுத்து, அங்க வரி கட்டுகிற எல்லோரும் கிஃப்ட் எயிட் படிவம் நிரப்பினால் அரசாங்கத்திடமிருந்து பவுணுக்கு 25 பென்ஸ் கூடும், 18,750 ஆகும். (தன்ட மருமகனுக்கென்று பெயர் குறித்துக் கொடுக்கிற காசுக்கு இது கிடையாது. அதை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடு.) முதற்பணத்தைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். அப்படி நடத்துகிற பெரிய பல்கலைக்கழக நிதிகள் வழமையாக வருடத்துக்கு 4, 5 வீதம்தான் எடுக்கும். 4 வீதத்தில் 25,000 பவுண் வேண்டுமென்றால் 625,000 பவுண் முதற்பணமாகக் கிடக்க வேண்டும். நமக்கு அது எட்டாது. வருகிறதைச் செலவழிக்கிற நிதியாகவே துவங்குங்கள். வருடம் ஒருத்தர் என்று ஆசைப்படாமல் இரண்டு வருடத்துக்கு ஒருத்தர் என்று வைத்தால் கையில் 37,500 இருக்கும். அதில் 2,500 புறப்படுவதற்கு முன், 30,000 படிப்புக்கும் சாப்பாட்டுக்கும், 5,000 திரும்பி வந்த பிறகு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பல படிப்புகளின் கட்டணமே 20,000 பவுணுக்கு மேல் இருக்கிறது. ஆகவே கட்டணத்தில் பாதியையாவது குறைக்கச் சம்மதிக்கிற பல்கலைக்கழகத்தோடு மட்டும் பேசுங்கள், லண்டனுக்கு வெளியே பாருங்கள்.

காசைப் பிள்ளையின் கணக்குக்கு நேரே போடாமல் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, அவர்கள் பெயரில் புலமைப்பரிசில் கடிதம் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரித்தானிய மாணவர் வீசாவுக்கு, கட்டணத்தோடு 9 மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவும் கணக்கில் 28 நாள் தொடர்ந்து கிடக்க வேண்டும். அரசாங்கம், பல்கலைக்கழகம், சர்வதேச நிறுவனம் போன்றவை கொடுக்கிற கடிதம் அதற்குப் பதிலாகச் செல்லும். நண்பர்கள் கூட்டம் கொடுக்கிற கடிதம் செல்லாது. இது தெரியாமல் கடைசி மாதத்தில் வட்டிக்குக் காசு தேடி, 28 நாளில் ஒரு நாள் குறைந்து வீசா மறுக்கப்படுவதுண்டு. சுகாதாரக் கட்டணத்தையும் மறந்து விடாதே. 2024 பெப்ரவரியிலிருந்து மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். 12 மாதப் படிப்புக்கு வீசா 16, 17 மாதம் வருவதால் ஒன்றரை வருடக் காசு, அதாவது 1,164 பவுண், வீசா விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கட்ட வேண்டும்.

முன்செலவுக்கு 2,500 கூடத்தானே என்று உன் ஆட்கள் கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். காசநோய்ப் பரிசோதனைக்கு ஒரு பயணம், கைரேகை கொடுக்க ஒன்று, ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்கும் சிலவேளை ஒன்று. பெண் பிள்ளை என்றால் துணைக்கு ஒருத்தர், செலவு இரட்டிப்பு. ஐ.ஈ.எல்.ரி.எஸ். புள்ளி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால், ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்கும் காசு வேண்டும். பல நிதிகள் "பற்றுச்சீட்டு அனுப்புங்கள், பிறகு தருவோம்" என்கின்றன. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடும். வாகரையிலோ திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ உள்ள பிள்ளைதான் உங்களுக்கு வேண்டுமென்றால் முன்பணமாகவே கொடுங்கள்.

ஃபோர்ட் ஃபவுண்டேசன் 2001இல் துவக்கிய சர்வதேசப் புலமைப்பரிசில் திட்டம் இதைச் சரியாகப் பிடித்திருந்தது. 280 மில்லியன் டொலரோடு துவங்கி, 22 நாடுகளில் ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து 4,300 பேருக்கு மேல் எடுத்தார்கள். இலங்கை அதில் இல்லை. ஆங்கிலப் புள்ளி குறைந்தவரைத் தள்ளாமல், தெரிவுசெய்த பிறகு ஊரிலேயே வைத்து மொழியும் கணினியும் படிப்பித்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தை வாசலில் வைத்தால் கொழும்புப் பிள்ளைதான் உள்ளே வரும். உங்கள் அறிவித்தலைத் தமிழிலும் போடுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ் இரண்டுக்கும் அனுப்புங்கள். பிரதேச செயலக அறிவித்தல் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் போன பிள்ளைகளின் தம்பி தங்கச்சிமார்தான் காண்பார்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் பிள்ளைகள் விடுகிற பிழை எப்பவும் ஒன்றுதான். "என் சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். எந்த ஊர், எத்தனை பேர், என்ன செய்தார், எது சரிவரவில்லை, எந்தப் பாடம் படித்தால் அது சரிவரும் என்று ஐந்தையும் கேளுங்கள். தொண்டு வேலைக்கும் கடிதம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கேட்கிற 2,800 மணித்தியால அனுபவத்தில் சம்பளமில்லாத தொண்டு வேலையையும் கணக்கெடுப்பார்கள், ஆனால் நம்மட பிள்ளைகளிடம் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. அரச ஆசிரியர் என்றால் லீவு விண்ணப்பத்தை அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே துவங்க வேண்டும். வலயம், மாகாணம் என்று கோப்பு ஏறி இறங்க மாதக் கணக்காகும்.

பிள்ளைகள் உள்ள தாய்மாரைப் பற்றியும் யோசியுங்கள். 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுமாணி மாணவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அவர்களுக்குத் தொலைக்கல்வி நல்ல வழி. பொதுநலவாயப் புலமைப்பரிசிலிலேயே தொலைக்கல்விக்குத் தனிப் பிரிவு உண்டு. வேலையை விடாமல் படிப்பதால் படித்த பாடம் அடுத்த நாளே வகுப்பறையிலோ வார்ட்டிலோ இறங்கும்.

இனித் திரும்பி வந்த பிறகு. இதைத்தான் நிதி கொடுக்கிற ஆட்கள் காண்பதில்லை. வாவிக் கரையோரம் உப்பு ஏறின வயல்களையே எடு. மண்ணியல் படித்து வந்த பிள்ளை ஒரு பையில் மண்ணோடு வருகிறது என்று வை. 10 கிராம் காய்ந்த மண், 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் குலுக்கி, அடைய விட்டு, மின்கடத்துதிறன் மீற்றரை உள்ளே விடும். உப்புக் கூடினால் எண்ணும் கூடும். எண் ஒன்று வரும். அந்த எண்ணைப் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டால் வயல்காரன் மோசம் போனான். நெல்லுக்கு 3 டெசிசீமன்ஸ் (மின்கடத்தலை அளக்கிற அலகு, மீற்றர் நீளத்துக்கு) என்கிற எல்லை, மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கு உரியது. இது ஐந்து மடங்கு தண்ணீர் விட்டது. இதைப் பெருக்க வேண்டும். மணல் மண்ணுக்குப் பெருக்கம் கூட, களிமண்ணுக்குக் குறைவு. கல்லடி மணலுக்கும் படுவான்கரைக் களிக்கும் ஒரே எண் ஒரே அர்த்தம் தராது. மீற்றரைக் கடையில் வாங்கலாம். இந்தத் தெளிவுக்குத்தான் மச்சான், நீங்கள் 30,000 பவுண் கொடுக்கிறீர்கள்.

ஆனால் அந்தத் தெளிவு ஒரு சின்னப் போத்தலில் தங்கியிருக்கிறது. மீற்றரைச் சரிபார்க்க 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் வேண்டும். பக்கத்தில் இருக்கிற, அமிலத்தன்மை அளக்கிற பிஎச் மீற்றரின் நுனியில் கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதைப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் நனைத்தே வைக்க வேண்டும். கரைசல் முடிந்து இரண்டு மாதம் மூடியோடு கிடந்தால், திறக்கும்போது மூடி விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும், குமிழ் காய்ந்திருக்கும், எண் ஒரு இடத்தில் நிற்காது. கரைசலில் ஊறப்போட்டால் சிலது மீளும், சிலது மீளாது. யாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் அந்தப் போத்தலுக்கு இடமில்லை. பட்டத்தோடு பல்கலைக்கழக நூலகக் கணக்கும் மூடப்பட்டுவிடும். வேலை இன்னும் கிடைத்திருக்காது, வீட்டில் கடன் இருக்கும். ஆறு மாதத்தில் பிள்ளை வேறு நாட்டுக்கு விண்ணப்பம் போடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த 5,000 இதற்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக 12 மாதம், பயணம், கரைசல், கருவி, ஒரு சின்னப் படிப்பணம். கணக்குக்கு 30 பக்க ஆங்கில அறிக்கை கேட்காதீர்கள்; தமிழில் ஒரு பக்கம், கமக்காரர் கூட்டத்தில் வாசித்த பக்கம், போதும். திரும்பி வருவதற்குக் காணி உறுதியும் பிணையாளிகளும் கேட்கிற முறையும் எனக்குப் பிடிக்காது. காணி இல்லாத வீட்டை அது முதலிலேயே வெளியே தள்ளிவிடும். திரும்பி வந்தால் கிடைக்கும் என்று இந்த 5,000 நிற்பதே நல்ல பிணை.

பலன் எப்ப தெரியும் என்று கேட்பவர்களுக்கு வங்காரி மாத்தாயின் கதையைச் சொல். கென்னடி குடும்பத்து அறக்கட்டளையின் உதவியில் 1960இல் கென்யாவிலிருந்து அமெரிக்கா போய் உயிரியல் படித்தவர். மரம் நடுகிற பசுமைப் பட்டை இயக்கத்தைத் துவக்கியது 1977இல், நோபல் பரிசு 2004இல். பதினேழு வருடம் கழித்துத் துவங்கிய அந்த வேலையிலும், பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் கிராமத்துப் பெண்களுக்குச் சின்னத் தொகை கொடுத்தார்கள்.

தெரிவுக் குழுவுக்கு ஐந்து பேர் போதும். மட்டக்களப்பிலிருந்து இரண்டு, அம்பாறைக் கரையோரத்திலிருந்து இரண்டு, லண்டனிலிருந்து ஒருத்தர். தமிழரும் முஸ்லிம்களும் இருக்க வேண்டும், இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். சொந்தக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் அந்த ஆள் அந்த வருடம் விலகி நிற்க வேண்டும். முதல் சுற்றில் பெயரையும் ஊரையும் மறைத்துப் புள்ளி போடுங்கள்.

செப்டெம்பரில் வகுப்புத் துவங்க வேண்டுமென்றால் அறிவித்தல் முந்தின வருடம் ஓகஸ்டில் போக வேண்டும். அறிவித்தலைத் தமிழில் நான் எழுதித் தருகிறேன். அறக்கட்டளையைப் புதிதாகப் பதியப் போகிறீர்களா, இல்லை பல்கலைக்கழகத்தின் நிதியோடு சேரப் போகிறீர்களா என்பதை மட்டும் தீர்மானித்து எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் கூட்டாளி