படிவம் 4-இலேயே தொடங்குங்கள்: சுங்கை சிப்புட் ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் ஆலய நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும், வணக்கம்.

எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான படிவம் 5-இன் முடிவில் எழுதும் அரசாங்கச் சோதனை) வகுப்பு என்றால் படிவம் 5-இன் நடுவில் தொடங்குவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. டிரையல் எனும் மாதிரிச் சோதனை நெருங்கும்போதுதான் மண்டபத்தில் மேசை போடுகிறோம், பழைய கேள்வித்தாள்களை நகலெடுத்துக் கொடுக்கிறோம். ஒரு ரிங்கிட்கூட வாங்காமல் நீங்கள் செய்யும் இந்த வேலையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: தொடங்கும் நேரத்தை மாற்றுங்கள்.

முன்பு தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். சோதனை இருந்தது, மூன்றாம் படிவத்தில் பி.டி.3 சோதனை இருந்தது. பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்று அந்த முடிவு வந்ததும் வீட்டில் தெரிந்துவிடும். யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் நிறுத்தப்பட்டன. சின்னப் பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சரி. ஆனால் இப்போது 17 வயதில் எழுதும் எஸ்.பி.எம்.தான் அவர்களுக்கு முதல் பெரிய அரசாங்கச் சோதனை. காலை இருட்டிலேயே வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் பள்ளியின் ஆண்டிறுதிப் புள்ளிகளை ஆராய்ந்து பார்ப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அந்த வேலையை வகுப்புதான் செய்ய வேண்டும்.

எஸ்.பி.எம். தாளில் படிவம் 4, படிவம் 5 இரண்டின் பாடங்களும் வரும். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. கூடுதல் கணிதம் படிவம் 4-இல்தான் புதிதாக வருகிறது. சார்பும் இருபடிச் சார்பும் அப்போது புரியாமல் போனால், படிவம் 5-இல் வகையீடு வரும்போது பிள்ளை புத்தகத்தையே மூடிவிடும். அந்த நேரத்தில் நாம் நீட்டும் கேள்வித்தாள் ‘உனக்கு வராது’ என்று அதற்குச் சொல்வதாகத்தான் ஆகும். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுச் சோதனை வேறு இருக்கிறது. கூச்சப்படும் பிள்ளைக்குக் கடைசி இரண்டு மாதத்தில் பேச்சு வந்துவிடாது.

ஆகவே படிவம் 4-இன் முதல் மாதத்திலேயே வகுப்பு தொடங்கட்டும். வாரத்தில் ஒரு நாள் போதும். ஒரு பாடம் முடிந்ததும் அதிலிருந்து வந்த பழைய கேள்விகளை மட்டும் செய்யட்டும். நேரம் வைத்து முழுத்தாள் எழுதுவது படிவம் 5-இல் தொடங்கினால் சரியாக இருக்கும். திருவிழாக் காலத்தில் மண்டபம் கிடைக்காது என்று வகுப்பை மாதக்கணக்கில் நிறுத்தாமல், யார் வீட்டு வாசலிலாவது நடத்துங்கள்.

படிவம் 1-இலிருந்தே எஸ்.பி.எம். பயிற்சி நூல் வாங்கிக் கொடுக்கலாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வயதில் வேண்டியது மலாய் வாசிப்பு, பின்னம், இயற்கணிதம். அந்தப் பணத்தில் மலாய்க் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள்.

எஸ்.பி.எம். முடிந்ததும் நாம் பிள்ளைகளைக் கைவிட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காத பிள்ளை ஆறாம் படிவத்துக்குப் போகிறது. அங்கே எழுதும் எஸ்.டி.பி.எம். சோதனை 2012 முதல் மூன்று பருவமாக நடக்கிறது. மூன்று பருவத்தின் புள்ளிகளும் சேர்ந்துதான் இறுதி முடிவு. ‘கடைசியில் படித்துக்கொள்ளலாம்’ என்று இருக்கும் பிள்ளை முதல் பருவத்திலேயே புள்ளிகளை இழந்துவிடுகிறது. மறுபடி எழுத வழி உண்டு என்றாலும் அது கூடுதல் பாரம்தான். அப்புறம் மூவெட் எனும் ஆங்கிலச் சோதனை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அது வேண்டும், அதில் குழுவாக விவாதிக்கும் பகுதியும் உண்டு. எஸ்.பி.எம். முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் தேவை, அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஊருக்கு வரும் வார இறுதியில் நான்கு பேரை உட்கார வைத்து ஆங்கிலத்தில் பேசப் பழக்கலாம். ஆறாம் படிவத்தில் இருக்கும் அண்ணன் அக்காமாரே இதை நடத்துவார்கள், கேட்டுப் பாருங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிவம் 4 பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை இப்போதே தோட்டம் தோட்டமாக எடுக்கத் தொடங்கலாம். சனிக்கிழமை காலையில் கணிதம் சொல்லித்தர நான் வருகிறேன். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் ஆள் தேவை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால் நிர்வாகத்திடம் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
இதே வட்டாரத் தோட்டமொன்றில் படித்து வளர்ந்த ஒருவன்