‘நீராவி ரயில்’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தின் பழைய படங்களை வைத்திருந்த ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். அதில் ஒரு படத்தில் எஞ்சின் பக்கவாட்டில் முழுதாகத் தெரிந்தது. முன்னால் சிறு சக்கரம் இரண்டு, நடுவில் பெரியது மூன்று, பின்னால் மறுபடி சிறியது ஒன்று. மறுபக்கத்தையும் சேர்த்தால் 4-6-2. டிரைவர் நிற்கும் கூண்டின் பக்கத்தில் 56 என்று தொடங்கும் எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. படத்துக்குக் கீழே இருந்த விளக்கம்: ‘நீராவி ரயில்’. அவ்வளவுதான்.

எனக்கு மனது ஆறவில்லை. அது மலாயா ரயில்வேயின் 56ஆம் வகுப்பு எஞ்சின். வகுப்பு என்றால் ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட எஞ்சின்களின் தொகுதி. கிளாஸ்கோ நகரில் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டியது. 1938 முதல் வரத் தொடங்கி, போர் முடிந்த பிறகு 1946இல் இன்னொரு தொகுதியும் வந்தது. தெமெர்லோ போன்ற நம் வட்டார ஊர்ப் பெயர்களைத் தாங்கி ஓடியவை அவை. என் அப்பா எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டராக இருந்தவர். இந்த வகுப்புக்கு மூன்று சிலிண்டர். இரண்டு வெளியே தெரியும். மூன்றாவது நடுவில், சட்டங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும். அதில் கோளாறு என்றால் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள குழியில் இறங்கி, அண்ணாந்தபடியே வேலை பார்க்க வேண்டும். சூடான எண்ணெய் முகத்தில் சொட்டும். எந்த வகுப்பு என்று சொன்னால்தான் அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதும் தெரியும். கொட்டகைகளிலும் கோலாலம்பூரின் செந்தூல் பணிமனையிலும் இப்படி வேலை பார்த்த தமிழர்கள் எத்தனையோ பேர்.

பிரிட்டனில் இந்த விவரங்களை எப்படிப் போற்றுகிறார்கள் என்பதற்கு ஜூபிலி வகுப்பைச் சொல்வேன். வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்தது. சக்கர அமைப்பு 4-6-0, இதற்கும் மூன்று சிலிண்டர். 1934 முதல் 1936 வரை 191 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா 1935இல் வந்ததால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் கொதிகலனில் நீராவி போதிய அளவு எழவில்லை, ஓட்டுநர்கள் திண்டாடினார்கள். புகைபோக்கிக்கு அடியில் நீராவி வெளியேறும் முனையைக் குறுக்கி, நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்களைக் கூட்டிய பிறகுதான் சரியானது.

அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலைப் படித்தால் நமக்கே வியப்பாக இருக்கும். 5575 மெட்ராஸ். 5590 திருவிதாங்கூர். 5604 சிலோன். 5615 மலாய் ஸ்டேட்ஸ். 5629 ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா எல்லாம் அடங்கிய ஆட்சிப் பகுதி. நம் முன்னோர் கப்பலேறிய ஊரும் வந்து இறங்கிய ஊரும் பித்தளை எழுத்தில், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் பொறிக்கப்பட்டிருந்தன. இங்கே இருந்தது பிரிட்டனில் உள்ளதைவிடக் குறுகலான மீட்டர் அகலப் பாதை என்பதால் அவற்றில் ஒன்றுகூட இங்கே ஓடியிருக்க முடியாது. கோல்ட் கோஸ்ட் 1957இல் விடுதலை பெற்றுக் கானா ஆன பிறகு, அந்தப் பெயர் கொண்ட எஞ்சினின் பலகையையும் மாற்றினார்கள். ஆனால் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் 1946இல் கலைக்கப்பட்ட பிறகும் எஞ்சின் பழைய பெயருடனேயே ஓடியது. இன்று அந்த வகுப்பில் மிஞ்சியிருப்பவை நான்கு: கோலாப்பூர், பஹாமாஸ், லியாண்டர், கலாட்டியா. மெட்ராஸும் இல்லை, மலாய் ஸ்டேட்ஸும் இல்லை. இருந்தாலும் 191 எஞ்சின்களின் எண்ணையும் பெயரையும் இன்றும் வரிசையாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது, 2011இல் ரயில் சேவை நின்றது, இப்போது தேசிய நினைவுச்சின்னம். கட்டடத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. முகப்பில் உள்ள சிலைகளைச் செதுக்கியவர் பெயர்கூட நமக்குத் தெரியும். அங்கே வந்து நின்ற எஞ்சின்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நிலையத்தில் இனி எந்தக் காட்சி வைத்தாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் வகுப்பு, எண், கட்டிய ஊர், சக்கர அமைப்பு ஆகிய நான்கையும் நான்கு மொழிகளிலும் எழுத வேண்டும் என்று தேசிய மரபுடைமைக் கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ எஞ்சின் பக்கத்தில் நிற்கும் படம் இருந்தால், பூதக்கண்ணாடி வைத்துக் கூண்டின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். சக்கரங்களை எண்ணுங்கள். அப்புறம் படத்தின் பின்னால் பென்சிலால் அந்த எண்ணையும், நிற்பவரின் பெயரையும், அவர் பார்த்த வேலையையும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புக்கிட் பாத்தோக்